பல்கலைக்கழக மெயிலில் ஏமாந்துவிட்டால், முதலில் யாரிடம் சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்கு இங்கிலாந்து வந்தீர்கள். "உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்று பல்கலைக்கழக மெயிலுக்கு ஒரு தகவல் வந்தது. லிங்க்கை அழுத்திப் பாஸ்வேர்டும் போட்டுவிட்டீர்கள். ஐ.டி. பிரிவில் சொன்னால் விசாவுக்குச் சிக்கல் வருமோ, பேசாமல் அழித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அழிக்காதீர்கள். இப்போதே சொல்லுங்கள். விசாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்பான்சர், அதாவது உங்கள் மாணவர் விசாவுக்குப் பொறுப்பேற்ற அமைப்பு, என்ற முறையில் பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவிப்பது, மாணவர் சேரவில்லை, வகுப்புக்கு வருவதில்லை, படிப்பை விட்டுவிட்டார் என்பது போன்றவற்றைத்தான். போலி மெயிலில் பாஸ்வேர்டு கொடுத்தது அதில் சேராது. தாமதம்தான் உண்மையான ஆபத்து. திருடிய மாணவர் கணக்கிலிருந்து அதே வலையை மற்ற மாணவர்களுக்கு வீசுவார்கள்; உள்ளிருந்து வருவதால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். நீங்கள் சொன்னால், ஐ.டி. ஆட்கள் அந்த லிங்க்கை வளாகம் முழுவதும் தடுத்து, அதே மெயிலை மற்றவர்களின் இன்பாக்ஸிலிருந்தும் எடுத்துவிட முடியும்.

செய்ய வேண்டிய வரிசை இது. பல்கலைக்கழகத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு அந்தத் தளத்தில் இருக்கும் ஐ.டி. உதவி எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு அல்ல. "பாஸ்வேர்டு கொடுத்துவிட்டேன், எல்லா செஷனையும் ரத்து செய்யுங்கள்" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். ஒருமுறை உள்ளே போனபின் மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் கணக்கைத் திறந்தே வைத்திருக்கும் அனுமதிதான் செஷன். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. இப்போதைய போலிப் பக்கங்கள் உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, ஃபோனில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகு கிடைக்கும் செஷனையே பிடித்துக்கொள்கின்றன. பூட்டை மாற்றினாலும் வீட்டுக்குள் ஏற்கெனவே நுழைந்தவன் உள்ளேயே இருப்பான்.

அவன் விட்டுச்செல்லும் தடயங்கள் இரண்டு. முதலாவது, கணக்கின் செக்யூரிட்டி இன்ஃபோ பக்கம்: உங்களுடையதல்லாத ஃபோனோ ஆதென்டிகேட்டரோ (உள்நுழைவுக்கு ஒப்புதல் தரும் செயலி) சேர்ந்திருந்தால் நீக்குங்கள். இரண்டாவது, அவுட்லுக் செட்டிங்ஸில் மெயில் என்பதற்குள் இருக்கும் ரூல்ஸ், ஃபார்வர்டிங். "இது நீங்கள் அனுப்பியதா?" என்று நண்பர்கள் கேட்கும் பதில்கள் உங்கள் கண்ணில் படாமல், ஆர்.எஸ்.எஸ். ஃபோல்டர் (இணையதளச் செய்திகள் வந்து சேரும் அவுட்லுக் ஃபோல்டர்) போல யாரும் திறக்காத இடத்துக்குப் போகும்படி ஒரு விதி போட்டு வைப்பது இவர்களின் வழக்கமான வேலை. அதை அழிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐ.டி.க்கு அனுப்புங்கள்.

அடுத்த முறை அழுத்தாமலே சந்தேகம் வந்தால், வேலை எளிது. அவுட்லுக்கில் மெயிலைத் திறந்தால் மேலே ரிப்போர்ட் என்ற பொத்தான் இருக்கும். அதில் ரிப்போர்ட் ஃபிஷிங். ஜிமெயில் வைத்திருக்கும் பல்கலைக்கழகமென்றால், மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிக்குள் அதே பெயரில் இருக்கும். ஜங்க் என்று மட்டும் குறிக்காதீர்கள். அது தொல்லை தரும் விளம்பரத்துக்கு. பொத்தான் இல்லாமல் ஐ.டி. முகவரிக்கு அனுப்பச் சொன்னால், சாதாரண ஃபார்வர்டு வேண்டாம். ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட் என்று அனுப்புங்கள். மெயில் எந்த சர்வர்களைத் தாண்டி வந்தது, அனுப்பியவரின் அடையாளச் சோதனையில் தேறியதா என்ற விவரமெல்லாம் தலைப்புப் பகுதியில் மறைந்திருக்கும். வெறும் ஃபார்வர்டில் அது உதிர்ந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கவே இருக்காது. "இது உண்மையா பாருங்க" என்று தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்க்கைப் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பார்க்கும் ஐம்பது பேரில் ஒருவர் அழுத்திவிடுவார்.

பல்கலைக்கழகத்துக்குச் சொன்னபின், பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துக்கும் அந்தப் போலி மெயிலை அனுப்பலாம். 2020 ஏப்ரலில் தொடங்கிய சேவை அது. முகவரி ரிப்போர்ட் அட் ஃபிஷிங் டாட் கவ் டாட் யூகே (report@phishing.gov.uk). போலி எஸ்.எம்.எஸ். என்றால் 7726 என்ற எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள், கட்டணமில்லை. வங்கி விவரம் கொடுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் முன் 159 அழைத்தால், பெரிய வங்கிகளுக்கு நேராக இணைப்பார்கள்.

முகவரியை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் பெயர் மட்டும் தெரியும். பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். பேராசிரியர் பெயரில் வந்த மெயிலில் எக்ஸ்டர்னல் என்ற பட்டை இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. லிங்க்கில் தொடக்கத்திலுள்ள https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசித் துண்டுதான் உண்மையான சொந்தக்காரர். பல்கலைக்கழகப் பெயருக்குப் பின்னால் ஏசி டாட் யூகே (.ac.uk, பிரிட்டன் பல்கலைக்கழக முகவரிகளின் முடிவு) வந்து, அதற்கும் பின்னால் வேறொரு டாட் காம் இருந்தால் அது அந்த டாட் காம்காரருடையது. ஆனால் சரியான ஏசி டாட் யூகே முகவரி என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள்; நேற்று திருடப்பட்ட இன்னொரு மாணவரின் கணக்காக இருக்கலாம்.

நம் பிள்ளைகளைக் குறிவைத்து வருபவை மூன்று. முதலாவது, வீட்டிலிருந்தே வாரம் சில மணி நேரம் வேலை என்று ஆசை காட்டி, "உன் கணக்கில் பணம் வரும், பத்து சதவீதம் வைத்துக்கொண்டு மீதியை அனுப்பு" என்பது. அது கறுப்புப் பணத்துக்கு உங்கள் கணக்கை வாடகை கேட்பது. வங்கிக் கணக்கு மூடப்படும், மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஆறு ஆண்டு நிற்கும். சட்டப்படி அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு சிறை. இரண்டாவது, குடிவரவு அதிகாரி என்று ஃபோன் செய்து உடனே அபராதம் கட்டச் சொல்வது. உள்துறை ஃபோனில் பணம் கேட்பதில்லை. வைத்துவிட்டு மாணவர் விசா ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, கட்டணத்தில் தள்ளுபடி. ஊரில் யாரோ ஒருவர் கணக்கில் ரூபாய் போடச் சொல்வார்கள். பல்கலைக்கழகத் தளத்திலும் கட்டணம் செலுத்தப்பட்டதாகவே காட்டும், ரசீதும் வரும். கட்டியது திருட்டுக் கார்டில். கார்டின் சொந்தக்காரர் சில வாரத்தில் புகார் செய்ததும் பணம் திரும்பிப் போய்விடும். கட்டணம் மறுபடி உங்கள் தலையில். அப்படி யாரேனும் மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பினால், ஐ.டி.யோடு நிற்காமல் நிதிப் பிரிவுக்கும் அனுப்புங்கள். அந்த எண்ணையும் கணக்கையும் வைத்து மற்ற மாணவர்களை எச்சரிக்க அவர்களால் முடியும்.

ஐ.டி.யில் பேசியதும் ஒரு டிக்கெட் எண் தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள். நாளை உங்கள் பெயரில் யாருக்காவது மோசடி மெயில் போயிருந்தால், எந்த நேரத்தில் நீங்கள் புகார் செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.