குடலும் மனமும்: ஐ.பி.எஸ். (IBS: வயிற்றுக்குத்தும் மலப்போக்கு மாற்றமும் தரும் நாள்பட்ட குடல் கோளாறு) பற்றிய கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி, ஆசிரியை): டொக்டர், இரண்டு வருசமா ஐ.பி.எஸ். இருக்கு. படிப்பிச்சுக்கொண்டு நிக்கேக்கையே சொல்ல வந்த சொல் மறந்துபோகுது. மூளையில ஏதும் பழுதோ?

பதில்: இல்லை. வயிறு எப்போது குத்தும், கக்கூசு எங்கே இருக்கு என்று மனம் எந்நேரமும் காவல் நின்றால், பாடத்துக்குக் கவனம் மிஞ்சாது. நித்திரைக் குறைவும் மனச்சோர்வும் சேர்ந்தால் மறதி கூடும். ஆனால் எல்லாப் பழியையும் ஐ.பி.எஸ். மேல் போட வேண்டாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைரொயிட் சோதனை), விட்டமின் பி12 மூன்றையும் பாருங்கள். தைரொயிட் குறைந்தால் மறதி, சோர்வு, மலச்சிக்கல் மூன்றும் ஒன்றாகவே வரும். தடிமனுக்குக் குளோர்பெனிரமின் போடுகிறீர்களா? அதுவும் தலையை மந்தமாக்கும்.

கேள்வி (மூதூர்): வயிற்றோட்டத்தோட வயிற்றுக்குத்து எண்டு போக, அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதித் தந்திருக்கினம். அது மனநோய்க் குளிசையாமே?

பதில்: பயப்படாமல் போடுங்கள். இந்த அளவில் அது குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வலிச் செய்தியைத் தணிக்கத்தான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு 10 முதல் 30 மி.கி. வரை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 2023இல் வெளியானது. வெற்றுக் குளிசை போட்டவர்களை விட இவர்களுக்குக் குணம் கூட.

படுக்கும் நேரத்தில் போட்டால் காலையில் தலை பாரமாக இருக்கும். இரவு எட்டு மணிக்கே போடுங்கள். தொடக்கத்தில் வாய் காயும், தூக்கம் அடிக்கும், அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் கவனம். பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். பலர் பத்தாம் நாளே நிறுத்திவிட்டு 'சரிவரேல்ல' என்கிறார்கள், அதுதான் கவலை. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது சிக்கலைக் கூட்டும். கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: 10 மி.கி. மனச்சோர்வைத் தீர்க்காது. அதற்குரிய அளவு இதைவிடப் பல மடங்கு. சோர்வும் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். வேறு மருந்தோ பேச்சுச் சிகிச்சையோ தேவைப்படும்.

கேள்வி (கிண்ணியா, தாய்): மகனுக்கு 24 வயசு. சாப்பாட்டுக்குப் பயந்து சோறும் வாழைப்பழமும்தான். மெலிஞ்சிட்டான், ஆரோடயும் பேச்சில்ல.

பதில்: அம்மா, எடை குறைவதை ஐ.பி.எஸ். என்று விட்டுவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், நடுச்சாமத்தில் எழுப்பும் வயிற்றோட்டம், இரத்தச்சோகை உண்டா என்று பார்க்க வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

ஐ.பி.எஸ். பத்தியத்தில் வெங்காயம், உள்ளி, பருப்பு, கோதுமையைக் குறைப்பது நாலு முதல் ஆறு கிழமைக்குத்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேணும். இப்போது அவருக்கு அந்தப் பத்தியமே வேண்டாம், சாப்பாட்டைக் கூட்டுங்கள். உள்ளியை எண்ணெயில் பொரித்து எடுத்து வீசிவிட்டு அந்த எண்ணெயில் கறியைத் தாளியுங்கள்: மணம் எண்ணெயில் இறங்கும், வயிற்றை ஊதவைக்கும் சத்து எண்ணெயில் கரையாது.

இரண்டு கிழமையாக எதிலும் ஆசை இல்லையா, மனம் விழுந்து கிடக்கா என்று நேரே கேளுங்கள். ஆம் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். 'இருந்து என்ன' என்ற பேச்சு வந்தால் நாள் பார்க்க வேண்டாம், தனியே விடவும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.