பழைய ஃபெராரிக்கு ‘முன்னாடி யார் கையில் இருந்தது’ என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? வண்டி நன்றாக ஓடினால் போதாதா?

கேட்டவர் ஏதோ செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆர்.சி. புக்கில் நாலு பேர் மாறியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர் என்று தோன்றுகிறது. ஓடினால் போதும்தான். ஓட்டுவதற்கு வாங்கினால்.

பந்தயத்துக்கென்றே செய்த ஃபெராரி 250 ஜிடிஓ கதை வேறு. 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 வண்டிகள். (நாலு லிட்டர் எஞ்சின் வைத்த மூன்றையும் சேர்த்து 39 என்பவர்கள் உண்டு. கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.) உடம்பு முழுக்கக் கையால் தட்டிய அலுமினியத் தகடு. அதனால் கைதேர்ந்த டிங்கர் ஒருவர் அதே கம்பெனியின் விலை குறைந்த மாடலான 250 ஜிடிஇ-யின் மேல் அதே மாதிரி உடம்பைக் கட்டிவிட முடியும். கட்டியும் இருக்கிறார்கள். அப்புறம் அசல் எது, நகல் எது? சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த நம்பரும், அது யார் யார் கைக்குப் போனது என்ற காகிதமும்தான் சொல்ல வேண்டும்.

3851 என்ற சேஸிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெசர் வாங்கினார். கூட்டாளி ஆன்ரி ஓரெய்யே, 1948 ஒலிம்பிக் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். டூர் டி ஃபிரான்ஸ் கார் பந்தயத்தில் இருவருக்கும் இரண்டாமிடம். அடுத்த சில வாரத்தில் பாரிஸ் பக்கம் மோன்லேரி ஓடுதளத்தில் இதே வண்டியில் ஓரெய்யே இறந்துபோனார். நம் ஆட்கள் என்றால் ராசியில்லாத வண்டி என்று எலுமிச்சம்பழத்தோடு அனுப்பியிருப்பார்கள். அங்கே சரிசெய்து, இத்தாலியில் இரண்டு கை மாறி, 1965இல் ஃபப்ரிஸியோ வியோலாட்டியிடம் வந்தது. 2010இல் சாகும்வரை மனிதர் விடவில்லை. 2014 கலிஃபோர்னியா ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலர். விபத்தை யாரும் மறைக்கவில்லை, அதுவும் ஜாதகத்தில் இருக்கிறது.

3589 இன்னும் வேடிக்கை. டெக்ஸாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குத் தானமாகப் போய், பையன்கள் மெக்கானிக் வேலை பழகக் கிடந்தது. 1972இல் பள்ளிக்கூடம் 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவில் திறந்தவெளியில் டிரெய்லர் மேலேயே வருஷக்கணக்கில் விட்டுவைத்தார். வெயில், பனி எல்லாம் பார்த்த வண்டி. ஆனாலும் எங்கே கிடந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது.

எங்களிடம் அந்தக் கணக்குதான் இல்லை.

அப்பாவிடம் ஒரு ஃபியட் 1100 இருந்தது. ஃபெராரியையும் ஃபியட்டையும் ஒரே தட்டில் வைக்கிறானே என்று சிரிக்க வேண்டாம். 1969இல் ஃபெராரியில் பாதியை வாங்கியதே ஃபியட்தான். அப்பா 1974இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். அன்றிலிருந்து நீளமான கணக்கு நோட்டில் பெட்ரோல், ஆயில், கிளட்ச் வயர், பஞ்சர் வரைக்கும் தேதி போட்டு எழுதுவார். அவர் போன பிறகு வீட்டை ஒழிக்கும்போது நான்தான் அதைத் தினசரிகளோடு பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். கிலோ ஆறு ரூபாயோ ஏழோ.

ஆறு மாதம் கழித்து கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். பழைய கார் சேர்ப்பவர். அடியில் படுத்துப் பார்த்தார், நம்பரைத் துடைத்துப் படித்தார்.

“தம்பி, பழைய பில்லு, நோட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ஆர்.சி. மட்டும்தாங்க. அதுவும் டூப்ளிகேட்.”

“முதல் ஓனர் டாக்டர்னு சொன்னீங்களே?”

“அப்பா சொல்வாருங்க.”

“வாய்ச்சொல்லை வச்சு நான் என்னங்க பண்றது?” என்றவர், காகிதம் இருந்தால் நாற்பதாயிரம் கூடுதலாகத் தந்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, சாதாரண ரேட்டைக் கொடுத்து எடுத்துப்போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது எங்கள் அண்ணனை. மழைநாளில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஒருநாள்கூட இறங்காதவர், விற்ற மறுநாளே பாதிப் பணத்துக்கு போன் அடித்தார். கொடுத்தேன். நோட்டைத் தொலைத்தவன் என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னதும் அவர்தான். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

அந்த நோட்டில் ஒரே ஒரு வரி எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தது. “12.4.79. பழனி போய் வந்தது. ரேடியேட்டர் கொதித்தது. சின்னவன் சீட்டில் வாந்தி.”