காய்க்கு இருக்கும் காவல் கனிக்கு ஏன் இல்லை?

பூஞ்சையை எதிர்க்கப் பழங்கள் தமக்குள் வைத்திருக்கும் பொருட்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் ஐந்து கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காயாக இருந்தபோது ஒரு புள்ளிகூட இல்லாத மாங்காய்கள், பழுத்த இரண்டாம் நாளே கரும்புள்ளி விழுந்து அழுகத் தொடங்குகின்றன. பழுக்க வைத்த இடத்தில்தான் பூஞ்சை தொற்றிக்கொள்கிறதா?

பதில்: பெரும்பாலும் அப்படியில்லை. அந்தக் கரும்புள்ளிக்குக் காரணமான கொல்லெட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சை, பூக்கும் பருவத்திலோ பிஞ்சுப் பருவத்திலோ மழைத்துளியோடு வந்து தோலின்மேல் அமர்ந்துவிடுகிறது. அதன் வித்து அங்கே முளைத்து, தோலை இறுகப் பற்றிக்கொள்ளும் ஓர் உறுப்பை உண்டாக்கி, மெழுகுப் படலத்திற்குள் நுழையவும் முயல்கிறது. அதற்குமேல் அதனால் நகர முடிவதில்லை. காய் முதிரும் வரை, வெளிப்பார்வைக்கு எந்த அடையாளமும் இல்லாமல், அந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. பழுத்த மாம்பழம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சில பழங்களில் புள்ளிகள் சிதறிக் கிடக்காமல், காம்படியிலிருந்து கண்ணீர் வழிந்த தடம்போல் கீழ்நோக்கி வரிசையாக இறங்கியிருக்கும். காய் மரத்தில் தொங்கியபோது காம்பிலிருந்து வழிந்த மழைநீர் வித்துகளைச் சுமந்து சென்ற பாதை அது.

இத்தனை காலம் பூஞ்சையை அடக்கி வைத்திருந்தது எது என்பதே இதில் சுவையான பகுதி. மாங்காயின் தோலில் ரெசார்சினால் வகையைச் சேர்ந்த பொருட்கள் உள்ளன. காம்பைக் கிள்ளியதும் பீறிடும் பாலிலும் இவை இருக்கின்றன. அந்தப் பால் பட்டுச் சிலருக்கு உதடும் கன்னமும் புண்ணாவதும் இக்குடும்பத்துப் பொருட்களால்தான். பாலில் கைட்டினேஸ் என்னும் நொதியும் உண்டு. பூஞ்சையின் உயிரணுச் சுவர் கைட்டின் என்னும் பொருளை முக்கியக் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டு கட்டப்பட்டது. அந்தச் சுவரையே அரிப்பது இந்த நொதியின் வேலை. காய் பழுக்கப் பழுக்க ரெசார்சினால்களின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் அது பூஞ்சையைத் தடுக்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட, உறங்கிக் கிடந்தது விழித்துக்கொள்கிறது.

இந்த நிகழ்வு மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருப்பது வெண்ணெய்ப் பழத்தில், அதாவது அவகேடோவில். அதன் காய்த்தோலில் டையீன் எனப்படும் பூஞ்சை எதிர்ப்புப் பொருள் நிறைந்திருப்பதையும், கனியும்போது அது சரிந்துவிடுவதையும் இஸ்ரேலிய ஆய்வாளர் டோவ் புரூஸ்கியும் அவருடைய குழுவினரும் 1980-களில் காட்டினார்கள். அந்தச் சரிவு நடக்கும் விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. டையீனைச் சிதைக்கும் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி காயிலேயே இருக்கிறது. ஆனால் எபிகாட்டச்சின் என்னும் வேறொரு பொருள் அந்த நொதியைச் செயல்பட விடாமல் தடுத்து வைக்கிறது. பழுக்கும்போது முதலில் எபிகாட்டச்சின் குறைகிறது. அதனால் நொதி கட்டவிழ்கிறது. நொதி டையீனைச் சிதைக்கிறது. அதன் பிறகே பூஞ்சை உள்ளே நுழைகிறது. நுழைந்த பூஞ்சை அம்மோனியாவைச் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள திசுவின் அமிலத்தன்மையைக் குறைத்து, தன் நொதிகள் நன்றாக வேலை செய்வதற்கேற்ற சூழலையும் உண்டாக்கிக்கொள்கிறது.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. விதை முதிராத வரை காயை யாரும் தீண்டக் கூடாது; முதிர்ந்த பிறகு பறவையோ விலங்கோ தின்று விதையைப் பரப்ப வேண்டும். கசப்பும் துவர்ப்பும் காரமும் கொண்ட காவல் பொருட்கள் அப்போதும் மிகுந்திருந்தால் தின்ன வருவோர் விலகிப் போவார்கள். எனவே கனிவது என்பது இனிப்பு கூடுவது மட்டுமன்று, காவல் தளர்வதும்கூட. மாம்பழ வணிகத்தில், பறித்த காய்களை ஏறத்தாழ 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் வரை அமிழ்த்தி எடுக்கும் முறை கையாளப்படுகிறது. தோலில் உறங்கும் பூஞ்சையைக் காவல் தளரும் முன்பே ஒடுக்குவதுதான் அதன் நோக்கம்.

கேள்வி: எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பூஞ்சையைக் கொல்லும் என்று படித்தேன். அப்படியானால் எலுமிச்சையின் மீதே பச்சைப் பூஞ்சணம் படர்வது எப்படி?

பதில்: நீங்கள் படித்தது சரி; கண்ணால் கண்டதும் சரி. தோலை விரலால் மடக்கி அழுத்தினால் புகைபோல் தெறிக்கும் எண்ணெயில் சிட்ரால் இருக்கிறது. அது பூஞ்சையை நன்றாகவே எதிர்க்கும். ஆனால் அந்த எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைத் தாக்குவதற்கென்றே பழகிப்போன பெனிசிலியம் டிஜிட்டேட்டம் என்ற பச்சைப் பூஞ்சைக்கு, காயம்பட்ட தோலிலிருந்து எழும் லிமோனீன் முதலிய மணப்பொருட்கள் வித்து முளைப்பதற்குத் தூண்டுதலாகவே அமைகின்றன. பழத்தின் காவலை வைத்தே பழத்தை அடையாளம் கண்டுகொள்கிறது அந்தப் பூஞ்சை. சிட்ராலோ, பழம் பறித்து நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகிறது.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு பெருங்குறை உண்டு: சிதையாத தோலை அதனால் துளைக்க முடியாது, ஒரு நகக்கீறலாவது வேண்டும். பூஞ்சணம் பிடித்த எலுமிச்சையைக் கவனித்தால், முதலில் நீர்கோத்ததுபோல் மெத்தென்ற ஒரு வட்டமும், அதன்மேல் வெள்ளைப் பூப்பும், பிறகு நடுவிலிருந்து விரியும் ஆலிவ்பச்சைப் பொடியும் தெரியும். அந்த வட்டத்தின் நடுவில்தான் பெரும்பாலும் பழைய கீறல் இருந்திருக்கும்.

கீறல் பட்ட பழமும் சும்மா இருப்பதில்லை. ஸ்கோப்பரோன் என்ற எதிர்ப்புப் பொருளைப் புதிதாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. பழத்தை ஈரம் குறையாத காற்றில் 36 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நாள் வைத்தாலோ, அளவான புற ஊதா ஒளி பட்டாலோ, காயத்தைச் சுற்றி இந்தத் தயாரிப்பு முடுக்கிவிடப்படுகிறது. மருந்து தெளிக்காமல் பழத்தின் சொந்த வலிமையைத் தட்டியெழுப்பும் இத்தகைய வழிகளுக்கு இன்னும் அதிக இடம் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: உடல்நலத்திற்கு நல்லது என்று பேசப்படும், திராட்சையில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் நமக்காகவா உண்டாகிறது, கொடிக்காகவா?

பதில்: கொடிக்காகத்தான். தாக்குதலுக்கு உள்ளான திராட்சை இலைகளில் இது உருவாவதை லாங்கேக், பிரைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் விளக்கினார்கள். பூஞ்சை தொட்ட பிறகே பெருமளவில் சுரக்கும் இத்தகைய பொருட்களுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர். ரெஸ்வெரட்ரால் தனியாக அவ்வளவு கூர்மையான ஆயுதம் அல்ல. அதிலிருந்து பிறக்கும் டெரோஸ்டில்பீன், வினிஃபெரின் ஆகியவையே பூஞ்சையை வலுவாகத் தாக்குகின்றன. பழம் முதிரும்போது இவற்றைத் தயாரிக்கும் திறனும் குறைந்துவிடுவதால், சாம்பல் பூஞ்சணம் பழுத்த குலையைத் தேடி வருகிறது. அந்தப் பூஞ்சையிடம் ரெஸ்வெரட்ராலைச் சிதைக்கும் லாக்கேஸ் என்னும் நொதியும் இருக்கிறது.

கேள்வி: பழங்களிலேயே இயற்கையான பூஞ்சை எதிர்ப்புப் பொருட்கள் இருக்கும்போது, ஜாமிலும் பழரசத்திலும் ஏன் இரசாயனம் சேர்க்கிறார்கள்?

பதில்: அந்த இரசாயனங்களில் இரண்டு பழங்களுக்குச் சொந்தமானவை. சோர்பிக் அமிலத்தை ஜெர்மானிய வேதியியலாளர் ஹோஃப்மன் 1859-இல் ரோவன் என்னும் மரத்தின் சிறுபழங்களிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொண்டுதான் முதன்முதலில் பிரித்தார். அது பூஞ்சையைத் தடுக்கும் என்பது ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. பென்சாயிக் அமிலம் கிரான்பெர்ரியில் இயல்பாகவே உள்ளது. இன்று இரண்டையும் ஆலையில் தயாரிக்கிறார்கள் என்றாலும், மூலக்கூறு ஒன்றுதான். பென்சாயிக் அமிலம் புளிப்பான பண்டத்தில்தான் நன்றாக வேலை செய்யும். புளிப்பு மிகுந்த நிலையில்தான் அது மின்னூட்டம் இல்லாத வடிவில் இருந்து பூஞ்சையின் உயிரணுச் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. ஆகவே 'இயற்கை', 'இரசாயனம்' என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுவதைவிட, எந்தப் பொருள், எவ்வளவு, எதில் சேர்க்கப்படுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

கேள்வி: படர்தாமரை வந்த இடத்தில் எலுமிச்சைச் சாறோ, பச்சைத் தக்காளிச் சாறோ தடவலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பச்சைத் தக்காளியில் உள்ள டொமட்டின், பூஞ்சையின் சவ்வில் இருக்கும் ஸ்டீரால்கள் என்னும் கொழுப்பு வகைப் பொருட்களோடு பிணைந்து அதில் ஓட்டையிடுகிறது என்பது உண்மையே. ஆனால் ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளரும் பூஞ்சையின்மீது, பிரித்தெடுத்துச் செறிவாக்கிய பொருள் செய்வதை, தோலின் மேலடுக்குக்குள் வேரோடிய பூஞ்சையின்மீது ஒரு கரண்டிச் சாறு செய்துவிடாது. தக்காளியைத் தாக்கிப் பழகிய பூஞ்சைகள் சில, டொமட்டினின் சர்க்கரைப் பகுதியை வெட்டியெறிந்து அதைச் செயலிழக்கவும் செய்கின்றன.

எலுமிச்சை வகைகளில் இன்னொரு கேடும் உண்டு. அவற்றின் தோலிலும் சாற்றிலும் ஃப்யூரனோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவை பட்ட தோலில் வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் தீப்பட்டதுபோல் சிவந்து கொப்புளம் எழலாம். அது ஆறிய பின்னும் கருந்தடம் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிற்கும். படர்தாமரைக்குச் சோதித்துத் தேறிய களிம்புகள் இருக்கின்றன. மருத்துவர் சொல்லும் நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும் நிறுத்தாமல், அவற்றைத் தடவுங்கள். ஏற்கெனவே சாறு தடவியிருந்தால், சோப்பு நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அந்த இடத்தை இரண்டு மூன்று நாள் வெயில் படாமல் மூடி வையுங்கள்.