செப்டம்பரில் பிடுங்கிய கிழங்கு

அன்புள்ள அக்கா,

நாங்கள் இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் அலாட்மென்ட்டில், அதாவது காய்கறி போட வாடகைக்கு விடும் பொதுத் தோட்டத்தில், அரைத் துண்டு நிலம் கிடைத்தது. உங்கள் தோட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான், வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கைப் போட்டேன். குழித்தட்டில் நாற்று விட்டு, பிறகு எடுத்து நட்டேன். போன வாரம் பத்துப் பன்னிரண்டு கிழங்கு பிடுங்கினோம். எல்லாம் இரண்டு கால், மூன்று கால் முளைத்த மாதிரி இருக்கின்றன. சாம்பாரில் போட்டேன். ஏதோ சென்ட் வாசம், வீட்டில் யாரும் தொடவில்லை. இந்த ஊர்க் காய்க்கே ருசி கிடையாது என்று என் கணவர் சொல்வது சரிதானோ? இந்த வெள்ளைக் கேரட்டை ஃப்ரிட்ஜில் வைப்பதா, ஃப்ரீசரில் வைப்பதா? பாக்கெட்டில் பாதி விதை மிச்சம் இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு ஆகுமா? என் ஐந்து வயதுப் பெண்ணுக்கு இலை பிய்ப்பதில் ஒரே குஷி. அன்று வெயிலும் நன்றாக அடித்தது. இரண்டு நாள் கழித்து அவள் முன்கையில் சிவப்பாகத் தடித்திருந்தது. எறும்பு கடித்திருக்கும்.

ம., கவென்ட்ரி

அன்புள்ள ம.,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அது எறும்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

பார்ஸ்னிப் இலையிலும் தண்டிலும் இருக்கும் சாற்றில் ஃபியூரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. சாறு தோலில் பட்டு, பட்ட இடத்தில் வெயிலும் அடித்தால் தோல் வெந்துவிடும். உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் சிவக்கும், சில சமயம் கொப்புளம் கட்டும். இரண்டு நாள் கழித்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! விதை பாக்கெட்டைப் பற்றிக் கேட்டவர், பிள்ளையின் கையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் எறும்பு என்று முடித்துவிட்டீர்களே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த இடத்தில் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். கொப்புளம் வந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், பார்ஸ்னிப் இலை பட்டது என்று மறக்காமல் சொல்லுங்கள். இனிமேல் அந்த வரிசைப் பக்கம் அவளை விட வேண்டாம். நீங்களும் கையுறை இல்லாமல் போகாதீர்கள். சாறு பட்டுவிட்டால் அப்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலை விட்டு விலகிவிடுங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. லெஸ்டரில் எனக்கு நிலம் கிடைத்த முதல் வருடம், ஒரு ஜூலை மத்தியானம், கையில்லாத சட்டையோடு வரிசைக்குள் புகுந்து களை பிடுங்கினேன். மூன்றாம் நாள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாட்டையால் அடித்தது போல் கோடு கோடாகக் கொப்புளம். அது ஆறியபின் காப்பிப் பொடி நிறத்தில் தழும்பு நின்றது. அடுத்த வருடம் விதை போடும்போதும் அது முழுதாகப் போகவில்லை. எண்ணெய் தெறித்ததா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கிழங்குச் செடி கையைச் சுட்டது என்றால் யார் நம்புவார்கள்?

சரி, உங்கள் கிழங்குகளுக்கு வருவோம்.

நாற்று விட்டது தப்பு. ஆணிவேர் குழித்தட்டின் அடியைத் தொட்ட அன்றே அதன் விதி முடிந்துவிட்டது. நேராக இறங்க வழியில்லாமல் கிளைத்துவிடும். கல் தடுத்தாலும் அப்படித்தான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்வதை எல்லாவற்றுக்கும் செய்ய முடியாது. மிச்ச விதையைத் தூக்கிப் போடுங்கள். பார்ஸ்னிப் விதைக்கு ஒரு வருடம்தான் ஆயுள், பழைய விதை முளைப்பது அதிர்ஷ்டம். புது விதையே மூன்று நான்கு வாரம் ஆக்கும். அதற்குள் இடத்தை மறந்து கொத்திவிடுவோம் என்பதால் இடையிடையே முள்ளங்கி விதையைத் தூவுவார்கள். அது ஒரே வாரத்தில் வந்து வரிசையைக் காட்டிக்கொடுக்கும். மண்ணில் குளிர் விட்டதும் ஏப்ரலில், காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள். அப்பளப் பொருக்கு மாதிரி விதை அது, ஊதினால் பறந்துவிடும்.

இப்போது ருசி. உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை இருபது வருடமாகக் கேட்டுவருகிறேன். கோயில் பந்தியில், பிறந்தநாள் விருந்தில், பள்ளி வாசலில் நின்று பேசும் அம்மாக்களிடம். இந்த ஊரில் எதற்குமே ருசி இல்லை. எந்தக் காயை எந்த மாதத்தில் பறித்து என்ன செய்து தின்றீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. எது கிடைத்தாலும் சாம்பாரில் போடுவது, முருங்கைக்காய் மாதிரி இல்லை என்று குறை சொல்வது. நம் ஊருக்கு ஒருவர் வந்து, ஜனவரியில் மாங்காய்ப் பிஞ்சைக் கடித்துவிட்டு மாம்பழம் புளிக்கிறது என்று எழுதினால் விடுவோமா? நீங்கள் செய்தது அதுதான். செப்டம்பரில் பார்ஸ்னிப்பைப் பிடுங்கியிருக்கிறீர்கள்!

உறைபனி விழ வேண்டும், ம. ஒன்றிரண்டு தடவையாவது நன்றாக விழ வேண்டும். குளிர் ஏற ஏறக் கிழங்கு தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த நீர் லேசில் உறையாது. குளிரில் சாகாமல் இருக்க அது செய்யும் வேலை நமக்கு இனிப்பாகிறது. உருளைக்கிழங்கு கடல் தாண்டி வருவதற்கு முன், சர்க்கரை சாமானியர் வாங்கும் விலைக்கு இறங்குவதற்கு முன், ஐரோப்பியக் குடியானவனுக்குக் குளிர்காலத்தில் வயிற்றையும் நிரப்பி நாக்குக்கும் இனித்த கிழங்கு இது. இதிலிருந்து ஒயின்கூடக் காய்ச்சுவார்கள். இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழ வரத்து நின்றபோது, இதை வேகவைத்து மசித்து, எசென்ஸ் கலந்து வாழைப்பழம் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதைத் தின்றவர் ஒருவர் எனக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் இருந்தார். நிஜமான வாழைப்பழம் திரும்பி வந்தபோது, இது கள்ளப் பழம் என்று துப்பினாராம்.

எனக்குப் பார்ஸ்னிப் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முதல் வருடம் நானும் உங்களைப் போல அக்டோபரிலேயே மண் கிளறும் ஃபோர்க்கைத் தூக்கிக்கொண்டு போனேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னும் இல்லை" என்றார். நவம்பரில் போனேன், அதே பதில். அதற்குள் இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்து மக்கிவிட்டது. செடி செத்துவிட்டது, இந்த மனுஷன் பேச்சைக் கேட்டு எல்லாம் போச்சு என்று வீட்டில் புலம்பினேன். அவர் ஒரு மூட்டை வைக்கோல் கொண்டுவந்து என் வரிசை நெடுகப் பரப்பி, இரண்டு முனையிலும் குச்சி நட்டுவிட்டுப் போனார்.

அந்த டிசம்பரில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கோட்டு, குரங்குக் குல்லா. வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் என்னோடு தோட்டத்துக்கு வந்தாள். மண் மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஃபோர்க்கைக் குத்தினால் டங்கென்று கை அதிர்ந்தது. வைக்கோலை விலக்கிய இடத்தில் மட்டும் ஈர மண், லேசாக ஆவிகூட வந்தது. அம்மா குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். "அடியில சூடா இருக்கு" என்றாள். கிழவர் ஃபோர்க்கை ஓரமாக இறக்கி, மிதித்து, பின்னால் சாய்த்தார். மண் பிளந்து ஒன்றரைச் சாண் நீளத்துக்குக் கிழங்கு வந்தது. கட்டைவிரலால் மண்ணை வழித்துவிட்டு, அதை என்னிடம் தராமல் அம்மாவிடம் நீட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மா அதை முந்தானையில் வாங்கினாள், கோட்டுக்குக் கீழே தொங்கிய முந்தானையில்.

வீட்டில் அவர் சொன்னபடியே செய்தேன். நீளவாக்கில் நான்காகக் கீறி, தடித்ததில் நடுத்தண்டைச் சீவி எறிந்து, ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்து, காய்ந்த எண்ணெயில் புரட்டி, 200 டிகிரி ஓவனில் நாற்பது நிமிடம். ஓரமெல்லாம் பழுப்பேறி முறுகியிருந்தது. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். "ஏட்டி, சீனி போட்டியா?" இல்லை என்றேன். நம்பவில்லை. தட்டை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் எழுந்து போய், மிளகுப் பொடியும் உப்பும் கொண்டுவந்து தூவி, மீதி முழுவதையும் அவளே தின்றாள்.

சாம்பாரை இப்போதாவது விட்டுவிடுங்கள். புளியும் இந்த இனிப்பும் ஒத்துப்போகாது. ஒன்று சொன்னால் உங்கள் கணவர் சிரிப்பார். கறிப்பொடி போட்ட பார்ஸ்னிப் சூப் இந்த ஊர்க்காரர்களே விரும்பிச் செய்வது. ஜேன் கிரிக்சன் என்ற சமையல் எழுத்தாளர் அதைப் பிரபலமாக்கினார். வெண்ணெயில் வெங்காயத்தையும் கிழங்கையும் வதக்கி, பொடி போட்டு, வேகவைத்து அரைப்பது. நான் கடைக் கறிப்பொடிக்குப் பதில் சீரகம், மல்லி, இரண்டு வரமிளகாய் வறுத்துப் போடுவேன்.

எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். மண்ணிலேயே. ஜனவரியில் தோண்ட முடியாதபடி இறுகிவிடும் என்று பயந்தால் கொஞ்சத்தை எடுத்து, கழுவாமல், தழையை அறுத்துவிட்டு, ஈர மணல் நிரப்பிய பெட்டியில் அடுக்கி ஷெட்டில் வையுங்கள். ஆனால் மார்ச்சுக்குள் தீர்த்துவிட வேண்டும். அப்புறம் புதுத் தழை விட ஆரம்பித்து நடுத்தண்டு விறகாகிவிடும். பிடுங்கிவிட்டவற்றை வெந்நீரில் முக்கி எடுத்து ஃப்ரீசரில் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை.

வரிசையில் இன்னும் எத்தனை நிற்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றாவது மிச்சம் இருந்தால் கிறிஸ்துமஸ் வரை தொடாதீர்கள். இலை போனால் இடம் தெரியாது, இப்போதே குச்சி நட்டுவையுங்கள். பாப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள்.