ஆண்கள் காதல் நாவலும் மர்ம நாவலும் படித்தால் என்ன தப்பு?

கேள்வி: "எனக்கு 29 வயது, ஆண். மனசுக்குத் தெம்பு தரும் காதல் கதைகளும் சஸ்பென்ஸ் நாவல்களும் விரும்பிப் படிப்பேன். சரித்திரக் கதை, இந்தக் காலத்துக் கதை இரண்டும் பிடிக்கும். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இதை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது படிக்க வேண்டுமா?"

பதில்:

விட வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம், மீதியெல்லாம் என் சொந்தப் புராணம்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் இன்னும் பேச்சிலர், நாலைந்து பேரோடு ஒரு ரூமில் தங்கி வேலைக்குப் போகிறவர் என்று தோன்றுகிறது. தலையணைக்கு அடியில் இருந்த புத்தகத்தை எவனோ உருவி, அட்டைப்படத்தை எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருப்பான். இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு அட்டைதான் முதல் எதிரி. உள்ளே அந்தப் பெண் தனியாளாக நின்று குடும்பத்தையே தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பாள். அட்டையில் மட்டும் ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

நான் சோமனூர் பக்கம். எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்கிறேன். பிளஸ் டூ வரை படிப்பு. மீசை உண்டு, பேரப்பிள்ளை எடுக்கும் வயது நெருங்குகிறது, காதல் நாவல் படிக்கிறேன். சொந்தபந்தத்தில் யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பையில் இருந்ததை எடுத்துப் பிரித்தேன். மச்சான் முறை ஒருவர், "ஏனுங் மாப்ள, தங்கச்சி புக்கத் தூக்கிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார். "இல்லீங் மச்சான், என்னுதுதான். அவ படிச்சு முடிச்சுட்டா, முடிவச் சொல்லிருவாளோன்னு பயந்து இங்க உக்காந்திருக்கறேன்" என்றேன். அப்புறம் அவர் கேட்டதில்லை. நீங்களும் இப்படி நேராகச் சொல்லிப் பாருங்கள். ஒளித்து வைத்தால்தான் கிண்டல் வளரும்.

அதற்குள் யாராவது கமெண்டில், "தறி ஓட்டிக்கொண்டே புத்தகம் படித்தால் துணி என்ன ஆவது? இலவச மின்சாரம் வாங்கிக்கொண்டு நாவல் படிக்கிறாயா?" என்று வருவார். வருவார், எனக்குத் தெரியும். ஐயா, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், உண்மைதான். ஆனால் ஓடுகிற தறியின் பக்கத்தில் யாரும் படிக்க முடியாது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணியில் குறை என்று கூலியில் பிடித்தம் வந்துவிடும். நான் படிப்பது கரண்ட் போகும்போதும் பாவு பிணைக்கும்போதும்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவு ஓடித் தீர்ந்ததும் புதுப் பாவை ஏற்றி, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுசை முடிபோட்டுச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. எங்கள் குடோனுக்கு (தறிக்கூடத்தை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) வருகிற அக்கா தறிக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து, விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இந்த இழையையும் அந்த இழையையும் ஒரு முறுக்கு முறுக்கி விடுவார். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த இழை. அது முடியும் வரை அந்தத் தறி சும்மா நிற்கும். மற்ற தறிகளை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்து படிப்பேன்.

ஒரு நாள் மின்தடை. எல்லாத் தறியும் நின்று குடோனே அமைதியாகக் கிடக்கிறது. அக்கா மட்டும் வேலையில் இருக்கிறார். நான் படித்துக்கொண்டே எங்கேயோ சிரித்துவிட்டேன் போல. "ஏந்தம்பி, நீங்க மட்டும் மனசுக்குள்ள படிச்சுச் சிரிச்சா ஆச்சா? வாயத் தொறந்து படிச்சா நாங்களும் கேப்பமல்ல?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், இன்றைக்கும் அவர் வந்தால் சத்தமாகப் படிக்கிறேன்.

முதலில் படித்தது ஒரு சஸ்பென்ஸ் நாவல். மர்மக் கதை விஷயத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. கோவைக்காரரான ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இரண்டு கதைகளை ஒரு அத்தியாயம் இது, ஒரு அத்தியாயம் அது என்று ஓட்டிக் கடைசியில் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்தப் பாணிக் கதை ஒன்றைப் பாதி படித்திருப்பேன், கரண்ட் வந்துவிட்டது. தறிகள் கிளம்பியதும் கதை நின்றுவிட்டது. ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது அக்காவிடமிருந்து போன். "தம்பி, கொன்னது அந்த டிரைவரா, இல்ல அவளோட அண்ணனா? தூக்கமே வரமாட்டேங்குது." நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவரே போன் போட்டு, "எந்தத் தறியில பாவு தீரப்போவுது?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஊரெல்லாம் பாவு பிணைக்க ஆள் கிடைக்காமல் அலையும்போது என் குடோனுக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு ஆள் வந்தது. நாவல் படிப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சரி, நீங்கள் கேட்ட "தெம்பு தரும்" காதல் கதைக்கு வருகிறேன். கருமத்தம்பட்டியில் எங்களுக்கு வேண்டிய டீச்சர் ஒருவர், ரிட்டயர் ஆகிவிட்டார். அவர் வீட்டு அலமாரி முழுக்க இங்கிலீஷ் நாவல்கள். அமெரிக்காவில் இதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். ஹார்லெக்வின் என்ற கனடா கம்பெனி 1997-இல் இதற்கென்றே 'லவ் இன்ஸ்பயர்டு' என்று ஒரு வரிசையை ஆரம்பித்தது. பிறகு அதிலேயே சஸ்பென்ஸ் ஒரு கிளை, சரித்திரம் ஒரு கிளை. கிறிஸ்தவ நம்பிக்கையை ஒட்டிய கதைகள். எதையோ இழந்து சாமியோடு கோபித்துக்கொண்டவன் ஒருவன் இருப்பான். அவன் மனசு திரும்புவதும் காதல் கைகூடுவதும் கூடவே நடக்கும். படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும், ஒரு முத்தத்துக்கே முக்கால் புத்தகம் தாண்ட வேண்டும். வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறது, கீழே வைத்துவிட்டுப் போக நான் யோசித்ததில்லை.

"உன்னை மதம் மாத்தப் பாக்கறாங்களா?" என்று ஒரு பங்காளி கேட்டான். நம் சினிமாவில் கதாநாயகி அம்மன் சன்னதியில் முறையிட்டால் மணி தானாக அடிக்கிறது, அதைப் பார்க்கிற கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மாறிவிட்டார்களா என்ன? நான் இன்னும் மாசாமாசம் குலதெய்வம் கோவிலுக்குத்தான் போகிறேன். கதை கதைதான்.

டீச்சர் கொடுத்ததில் ஒன்று, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின அமெரிக்காவில் நடப்பது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் படித்தேன். 1862-இல் அங்கே ஹோம்ஸ்டெட் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். சும்மா கிடந்த அரசாங்க நிலத்தில் 160 ஏக்கர் வரை கொடுப்பார்கள். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து பண்ணையம் பார்த்தால் சொந்தம். (அது சும்மா கிடந்த நிலமா, அங்கே ஏற்கெனவே இருந்த பழங்குடி மக்கள் எங்கே போனார்கள் என்பதை இந்த நாவல்களில் பெரும்பாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். அது எனக்கு இன்னமும் உறுத்தல்தான்.) கல்யாணம் ஆகாத பெண்ணோ விதவையோ தன் பெயரிலேயே நிலம் கேட்கலாம். புருஷன் இருக்கிறவள் பொதுவாகத் தனியாகக் கேட்க முடியாது. இந்த வகைக் கதைகளில் பாதிக்கு இங்கேதான் முடிச்சு விழும். கைக்குழந்தையோடு மனைவியை இழந்த ஒருவன், போக்கிடம் இல்லாத ஒருத்தி, குளிர்காலம் வருகிறது. காதல் கீதல் ஒன்றும் கிடையாது, ஆளுக்கொரு தேவை, கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அதற்கப்புறம்தான் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் வருகிறது. படித்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் சொன்னேன், "இது நம்ம கதைதானே? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீ என் மூஞ்சியக்கூடப் பாக்கல." நம் பெண் எழுத்தாளர்கள் மாத நாவல்களில் எத்தனையோ முறை எழுதிய கதை, முதலில் தாலி, பிறகு காதல். அமெரிக்காக்காரர்கள் அதைக் குதிரை வண்டியில் வைத்து எழுதுகிறார்கள்.

இந்தக் கதையைப் பாவு பிணைக்கும் அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 160 ஏக்கர் என்றதும் கை நின்றுவிட்டது. "நூத்தறுவது ஏக்கராவா! சரி, கெணறு எத்தன?"

"கெணறு இனிமேத்தான் வெட்டோணுமுங் அக்கா."

"தண்ணி இல்லாத காட்டுல நூத்தறுவது ஏக்கரா வெச்சு என்ன பண்றது? மேக்க தோட்டத்துல நாலு போர் போட்டும் பொகதான் வந்துது. பாவம் அந்தப் புள்ள, கட்டிக்கிட்டுச் சீரழியப்போவுது."

அவர் சொன்னது நிஜம். அந்த வறண்ட சமவெளியில் அந்த அளவு நிலம் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. நிலம் கேட்டு வந்தவர்களில் ஏராளமானவர்கள் அஞ்சு வருஷம் தாக்குப்பிடிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். நான் மூன்று அத்தியாயம் கழித்துப் படிக்கப்போவதை அக்கா ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். கதையில் பஞ்சம் வந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர், "நாஞ் சொன்னனல்ல?" என்று அடுத்த இழையை எடுத்தார்.

சரித்திரமா, சமகாலமா என்றால் எனக்குச் சரித்திரம்தான் ஒரு படி மேலே. காதல், சரித்திரம், சஸ்பென்ஸ் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் தமிழில் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் ஜனங்களைக் காக்க வைத்த கதை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை பட்டென்று சொல்வதில்லை. ஆனால் கொலை நிஜம். காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கோவில் கல்வெட்டில் சோமன், ரவிதாசன் என்று துரோகிகளின் பெயரே இருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துத் தெரிந்துகொண்டு படித்தால் ருசி இன்னும் கூடும். 1999-இல் கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியதால் ஆளாளுக்குப் பதிப்பித்திருக்கிறார்கள், இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

என்னிடம் இருப்பது மாமியார் கொடுத்த பழைய பைண்டு. வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. காவிரியில் படகு போய்க்கொண்டிருக்கும், பக்கத்தைத் திருப்பினால் பாதியோடு நிற்கும் ஒரு தைல விளம்பரம். அத்தை யாருக்கும் இரவல் கொடுக்காதவர், எனக்குக் கொடுத்தார். அதை முழுசாகப் படித்தது 2022 தொடக்கத்தில், தறிகளை நிறுத்திப் போராடிய நாட்களில்.

அதைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று அடிக்க வராதீர்கள். கூலி உயர்வு பேச்சுவார்த்தையில் முடிவாகும், பேப்பரில் வரும், கைக்கு வராது. எங்களுக்குப் பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் ஜவுளிக்காரர்கள் பழைய கூலியையே நீட்டுவார்கள், கேட்டால் "மார்க்கெட் டல்" என்பார்கள். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறி நிறுத்தினோம். 2025-லும் அதே போராட்டம். நூல் விலை ஏறினாலும் எங்கள் தலையில், இறங்கினாலும் எங்கள் தலையில். எங்கள் பக்கத்தில் தறியை எடைக்குப் போட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். "நாவலில் வருகிற மாதிரி வாக்குத் தவறாத ஆள் நிஜத்தில் உண்டா, அதெல்லாம் படித்தால் மூளை கெட்டுப்போகும்" என்று சில அறிவாளிகள் எழுதுகிறார்கள். நிஜத்தில் எத்தனை பேர் வாக்குக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்கு அவர்களைவிட நன்றாகவே தெரியும். அதனால்தான் ராத்திரி அரை மணி நேரமாவது அப்படிப்பட்டவன் ஒருவனோடு இருக்கிறேன்.

எல்லாக் கதையும் சுபமாக முடியும் என்றும் நினைக்க வேண்டாம். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்துப் பாருங்கள், தெம்பு தரும் காதல் கதை என்றால் தமிழில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள் ஜனங்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு இதை இன்னும் படிக்கவில்லை, அழுதுகொண்டு பிணைத்தால் இழை மாறிவிடும்.

புத்தகம் வாங்க ஜூலையில் கோவை கொடிசியா அரங்கில், ஆகஸ்டில் ஈரோட்டில் புத்தகத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. பழைய மாத நாவல் வேண்டுமென்றால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முடிவு கிழிந்துபோன சஸ்பென்ஸ் நாவல் ஒன்று என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் உங்கள் ரூம்காரர்களுக்குக் கொடுக்கத் தருகிறேன்.