ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் மொட்டைமாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் சத்து கலந்த நீரிலேயே, கீரை போட்டிருக்கிறீர்கள், சத்துநீர்த் தொட்டி பத்தே நாளில் பச்சையாகிறது, மருந்து வேண்டும் என்கிறீர்கள். மருந்தைவிட முக்கியம், வெளிச்சத்தை அடைப்பது. சத்து கலந்த நீரில் வெயில் பட்டால் பாசி வந்தே தீரும்.

வெள்ளை, நீல டிரம்கள் ஒளியை உள்ளே விடும். வெளிப்புறம் இரண்டு கோட் கறுப்பு பெயின்ட், அதன்மேல் வெள்ளை அடியுங்கள். வெறும் கறுப்போடு விட்டால் சித்திரை வெயிலில் நீர் சூடேறி, ஆக்சிஜன் குறைந்து, வேர் அழுகும். 25 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள், நிழல்வலை அவசியம்.

ராத்திரி செல்போன் டார்ச்சைப் பாலித்தீன் பையில் கட்டி, காலித் தொட்டிக்குள் எரியவிட்டு மூடுங்கள். குழாய் நுழையும் ஓட்டை, மூடியின் விளிம்பு என்று வெளிச்சம் கசியும் இடமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டுங்கள். செடி வைக்கும் வலைக்கிண்ணங்களான நெட் கப்களில் செடியில்லாதவற்றின் துளைகளையும் அடையுங்கள். நிறமில்லாத டியூப் இருந்தால் கறுப்புக்கு மாற்றிவிடுங்கள்.

பிடித்துவிட்ட பாசியை நீரோடு கொட்டி, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளேயே செத்து அழுகினால் வேருக்கான ஆக்சிஜனை அதுவே தின்றுவிடும். அவசரத்துக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, லிட்டருக்கு 3 மில்லி விடலாம். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கலந்த தொட்டியில் வேண்டாம், அவையும் செத்துப்போகும்.