ஃபோல்டருக்கு வெளியே நின்று பாருங்கள்

கேள்வி: விதவிதமாக எழுதப்பட்ட தேதிகளைப் படித்து ஒரே வடிவத்துக்கு மாற்றும் சின்ன பைதான் லைப்ரரி ஒன்று எழுதியிருக்கிறேன். மாதப் பெயர்கள் தனியாக ஒரு ஜேசன் கோப்பில் இருக்கின்றன. என் கணினியில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். பைதான் லைப்ரரிகளைப் பகிரும் பைபிஐ தளத்தில் ஏற்றிவிட்டேன். தோழி இன்ஸ்டால் செய்தாள், அது ஒழுங்காக முடிந்தது. ஆனால் இம்போர்ட் செய்தவுடன் கோப்பு இல்லை என்று பிழை வருகிறதாம். எங்கே தவறு?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் லைப்ரரி நினைவுக்கு வந்தது. அளவுகளை மாற்றித் தரும் 300 வரி நிரல் அது. மீட்டர், அடி, கிலோ என அலகுகளின் பட்டியலை ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்திருந்தேன். 0.1.0 என்று வெளியிட்ட அன்று இரவே, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. அந்த சிஎஸ்வி எங்கே என்று கேட்டிருந்தார். என் ஃபோல்டரில் இருந்தது. அவருக்குப் போன பேக்கேஜில் இல்லை. உங்களுக்கும் அதேதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் உட்கார்ந்து பைதானைத் திறந்தால், அது பெரும்பாலும் அந்த ஃபோல்டரிலேயே முதலில் தேடும். ஆகவே உங்கள் டெஸ்ட்டுகள் ஓடியது நீங்கள் எழுதிய மூலக் கோப்புகளின் மேல். தோழிக்குப் போய்ச் சேர்ந்த பேக்கேஜை அவை தொடவே இல்லை. 'எடிட்டபிள்' முறையில் இன்ஸ்டால் செய்திருந்தாலும் இதே கதைதான், அதுவும் உங்கள் ஃபோல்டரையே காட்டும்.

சரி, பேக்கேஜுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? பில்டு கருவியை ஓட்டினால் 'டிஸ்ட்' ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று மூல நிரலைக் கட்டி வைத்த எஸ்டிஸ்ட். இன்னொன்று, நேரே இன்ஸ்டால் செய்யத் தயாராக இருக்கும் வீல். வீல் என்பது வெறும் ஜிப் கோப்புதான். திறந்து பாருங்கள். உங்கள் ஜேசன் அதில் இருக்காது. பேக்கேஜ் கட்ட செட்டப்டூல்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பைதான் கோப்புகளைத்தான் அது தானாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றை 'பேக்கேஜ் டேட்டா' என்று, ப்ராஜெக்ட்டின் அமைப்புகளை எழுதும் பைப்ராஜெக்ட் டாமல் கோப்பில் நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜேசனை வெறும் கோப்புப் பெயரால் திறக்கிறீர்களா? அப்படியென்றால், வீலுக்குள் கோப்பு சேர்ந்த பிறகும் பிழை போகாது. வெறும் பெயரைக் கொடுத்தால், ஓட்டுபவர் எந்த ஃபோல்டரில் நிற்கிறாரோ அங்கேதான் அது தேடும். பைதானிலேயே உள்ள இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் மூலம் திறவுங்கள். பேக்கேஜ் எங்கே இன்ஸ்டால் ஆகியிருந்தாலும் அது கண்டுபிடித்துத் தரும்.

அந்த மெயிலுக்குப் பிறகு நான் ஒருமுறைகூடத் தவறவிடாத வேலை ஒன்று உண்டு. புதிதாக ஒரு காலி விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது பேக்கேஜ்களைத் தனியாக இன்ஸ்டால் செய்யும் இடம், உருவாக்குவேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரை விட்டு வேறெங்காவது போய்விடுவேன். அங்கிருந்து அந்த வீல் கோப்பையே இன்ஸ்டால் செய்து, இம்போர்ட் செய்து, ஒரு ஃபங்ஷனையாவது கூப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. முன்பின் தெரியாதவர் ஒருவர் நம் நிரலை நம்பித் தன் நேரத்தைக் கொடுக்கிறார், அவருக்கு முன்னால் நாம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் மரியாதை. கூடவே, நிரலை 'எஸ்ஆர்சி' என்ற உள் ஃபோல்டருக்குள் நகர்த்திவிடுங்கள். அப்புறம் இன்ஸ்டால் செய்யாமல் டெஸ்ட் ஓட்டினால், லைப்ரரியே கிடைக்கவில்லை என்று பைதான் உடனே சொல்லிவிடும்.

கேள்வி: பிழையோடு ஏற்றிய வெர்ஷனை நீக்கிவிட்டு, திருத்தியதை அதே எண்ணில் ஏற்றலாமா?

பதில்: முடியாது. நானும் அன்று இரவே முயன்றேன். பைபிஐயில் ஒரு கோப்புப் பெயரை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், நீக்கினாலும் அந்தப் பெயர் திரும்பக் கிடைக்காது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நேற்று 0.1.0 வாங்கியவரும் இன்று 0.1.0 வாங்கியவரும் வேறு வேறு நிரலை வைத்திருந்தால் பிழையை எப்படித் தேடுவது? 0.1.1 என்று புதிதாக ஏற்றுங்கள்.

பழையதை நீக்கவும் வேண்டாம், 'யாங்க்' செய்யுங்கள். பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப், புதிதாக வருபவர்களுக்கு அதைக் கொடுக்காது, அந்த எண்ணையே குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும் கிடைக்கும். நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான என்பிஎம் தளத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி லைப்ரரியை அதை எழுதியவர் எடுத்துவிட்டார். அது தங்கள் ப்ராஜெக்ட்டுக்குள் இருப்பதே தெரியாத பலருக்கும் பில்டு நின்றுபோனது. சின்ன லைப்ரரிதானே என்று இருந்துவிட முடியாது.

ஒத்திகைக்கு டெஸ்ட்பைபிஐ என்று தனித் தளமே இருக்கிறது. முதல்முறை ஏற்றுபவர்கள் அங்கே பழகிவிட்டு வாருங்கள்.

கேள்வி: நிரலை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படிதான் வைத்திருக்கிறேன். லைசன்ஸ் கோப்பு அவசியமா?

பதில்: அவசியம். லைசன்ஸ் இல்லையென்றால் பதிப்புரிமை (காப்பிரைட்) முழுவதும் உங்களிடமே இருக்கிறது. மற்றவர் பார்க்கலாம், தன் திட்டத்தில் எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. சின்ன லைப்ரரிக்கு எம்ஐடி லைசன்ஸ் போதும், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: என் லைப்ரரி வேறு இரண்டு லைப்ரரிகளை நம்பியிருக்கிறது. அவற்றின் வெர்ஷன் எண்ணை அப்படியே 'இதுதான் வேண்டும்' என்று பூட்டிவிடலாமா?

பதில்: தானே ஓடும் முழு செயலி என்றால் பூட்டலாம். லைப்ரரியில் வேண்டாம். ஒரு என்விரான்மென்ட்டில் ஒரு பேக்கேஜின் ஒரு வெர்ஷன்தான் இருக்க முடியும். நீங்கள் 2.3.1 தான் வேண்டும் என்கிறீர்கள், இன்னொருவரின் லைப்ரரி 2.4.0 தான் வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த நினைப்பவருக்குப் பிப் கைவிரித்துவிடும். உங்கள் நிரலுக்கு உண்மையில் தேவையான குறைந்தபட்ச வெர்ஷனை மட்டும் எழுதுங்கள். அந்தக் குறைந்தபட்ச வெர்ஷனை வைத்தும் ஒருமுறை டெஸ்ட் ஓட்டுங்கள். பலர் எண்ணை எழுதிவிட்டு, தங்கள் கணினியில் இருக்கும் புதிய வெர்ஷனில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.